உட்கார்ந்திருப்பவர்கள்

மார்ச் மாதத்து நள்ளிரவில்
பூமி சென்டாய் நகரத்தை உதறியபோது
நான் வீட்டில் இல்லை.
ஏழாம் மாடிக்கும் எட்டாம் மாடிக்கும் நடுவே
மின்தூக்கியில் சிக்கிய ஒரு பல் மருத்துவரோடு
கதவின் இரண்டு அங்குல இடைவெளி வழியே
பேசிக்கொண்டிருந்தேன்.
அது என் வேலை.

மறுநாள் மாலை திரும்பினால்
அறுபத்திரண்டு பேர் தரையில்.
வாள் ஓங்கியவள், ஒற்றைக் காலில் சுழன்றவள்,
சிறகு விரித்து, கூந்தல் பறக்க,
காற்றே இல்லாத கண்ணாடி அலமாரிக்குள்
காற்றோடு மல்லுக்கட்டியவர்கள்
எல்லோரும் குப்புற.
விரல்கள் மட்டும் தனியே, நொய்யரிசி போல.
பொறுக்கும்போதுதான் உறைத்தது,
பாதிப் பேரின் பெயர்கூட எனக்குத் தெரியாது.
தள்ளுபடியில் வந்தவர்கள்.
விளையாட்டுக் கூடத்து இயந்திரத்தின் இரும்புக் கை
எனக்காகத் தேர்ந்தெடுத்தவர்கள்.
வரிசையில் ஒன்று குறைகிறதே என்று
ராத்திரி இரண்டு மணிக்குப் பணம் கட்டி
வரவழைத்தவர்கள்.

மேல் தட்டில் ஒருத்தி மிச்சம்.
நிலவு ரயிலின் பயணச்சீட்டுப் பரிசோதகி.
இருபத்தாறு வாரத் தொடரில் மூன்றே காட்சி.
தன் பெட்டிமேல் உட்கார்ந்து
காலணியைக் கழற்றிவிட்டு
பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொள்கிறாள்.
மயிரிழை நகரவில்லை.

ஒட்ட முடிந்தவர்களை ஒட்டி விற்றேன்.
அன்றிலிருந்து
உட்கார்ந்திருப்பவர்கள் மட்டும்.

எளிதென்று நினைக்க வேண்டாம்.
சிம்மாசனக்காரர்கள் கணக்கில் வரமாட்டார்கள்,
அது நிற்பதைவிட மோசமான நிற்றல்.
கால்மேல் கால் போட்டு
என்னையே பார்ப்பவர்களும் கூடாது.
யாரும் இல்லாத அறையில் உட்காருவோமே
அப்படி உட்கார வேண்டும்.
நான்கு வருடத்தில் ஒன்பது பேர் தேறினார்கள்.
அதில் ஒரு வருடம் முழுக்க
யாருமே தேறவில்லை.

கடைத்தெருவின் மூன்றாம் மாடியில்
பழைய உருவங்கள் விற்கும் ஒனோதேரா
என் தலை தெரிந்ததும் நாற்காலியை இழுத்துப் போடுவார்:
"நீங்களாவது உட்காருங்கள்."

போன சனிக்கிழமை
மேசைக்கு அடியிலிருந்து ஒரு பெட்டி எடுத்தார்.
திறக்கும் முன்பே தெரிந்துவிட்டது.
பதிமூன்று வயதில், பள்ளிக்கூடம் போகாமல்
போர்வைக்குள் கிடந்த அந்தக் குளிர்காலம் முழுக்க
எனக்காக விழித்திருந்தவள்.
பெயர் சொல்ல மாட்டேன். தெரியும்,
தூக்கத்தில் கேட்டாலும் தெரியும்.
நூற்றைம்பது மட்டும் செய்தார்களாம்.
கோட்டை வாசலில் நிற்கிறாள்.
கதையிலும் அப்படித்தான்,
அவள் உட்கார்ந்த காட்சி ஒன்றுகூடக் கிடையாது.

விலை என் ஒரு மாத வாடகை.
அது பொருட்டில்லை, கட்டியிருப்பேன்.
கணுக்காலைப் பார்த்தேன்.
இருபது வருடமாய்த் தன் எடையைத் தானே தாங்கி
லேசாகச் சாய்ந்திருந்தது.
கம்பிவடத்தின் ஆயுளைக் கண்ணால் சொல்பவன் நான்.
இன்னொரு நடுக்கம் தாங்காது.

"படுக்கவைத்துவிடுங்களேன்" என்றார் ஒனோதேரா.

அவளையா?

பெட்டியை நானே மூடினேன்.
மூடியின் மடிப்பு சரியாக உட்காரவில்லை,
மூன்று முறை அழுத்த வேண்டியிருந்தது.

வீட்டுக்கு வந்து ஏன் அப்படிச் செய்தேனோ,
அளவுநாடாவை எடுத்து
ஒன்பது பேரையும் கொஞ்சம் நெருக்கி
நடுவில் ஓர் இடம் விட்டேன்,
அவள் அகலத்துக்கு.
அங்கே எதுவும் வரப்போவதில்லை.
தூசி மட்டும் வருகிறது, துடைக்கிறேன்.

நேற்று விடியற்காலை மறுபடி ஆடியது.
பெரிதில்லை, கோப்பைகள் ஒன்றோடொன்று பேசுமளவு.
விளக்குப் போடாமல் எழுந்துபோய்ப் பார்த்தேன்.
யாரும் விழவில்லை.
காலி இடத்திலும் யாரும் விழவில்லை.
பரிசோதகி இன்னும்
பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டுதான் இருந்தாள்.

செல்பேசி அடித்தது.
ரயில் நிலையத்துப் பக்கம், நான்காம் மாடி,
உள்ளே இரண்டு பேர், ஒரு நாய்.
நின்றபடியே காலணி மாட்டிக்கொண்டேன்.